பூட்டிய வீட்டு விளக்கு

ஏற்றிய விளக்கை ஏற்றவில்லை என்று ஒருவர் ஏன் சொல்ல வேண்டும்? ஏற்றாததை ஏற்றினேன் என்று சொல்வது எனக்குப் புரியும். பேச்சு வாங்காமல் தப்பிக்க யாரும் சொல்லிவிடுவார்கள். விளக்கையும் ஏற்றி, அதை அணைக்கச் சொன்னவரிடம் சண்டையும் போட்டுவிட்டு, பிறகு என் முகத்தைப் பார்த்து "ஏத்தல" என்று ஒருவர் சொன்னார். ஏன் சொன்னார் என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். பதில் கிடைத்ததுபோல இருக்கும். அடுத்த வாரமே அது சரியில்லை என்று தோன்றிவிடும்.

இப்போது அந்தப் பதில் எனக்கு அவசரமாகத் தேவைப்படுகிறது. எங்கள் கீழ் வீட்டுப் பெண்ணின் சாவி என் வீட்டு ஆணியில் தொங்குகிறது. அவள் கணவரைப் பாக்டரியிலிருந்து பயிற்சிக்காக வடக்கே அனுப்பியிருக்கிறார்கள். அவள் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருக்கிறாள். நல்லபடியாகப் பிள்ளை பெற வேண்டும் என்று ஒரு மண்டலம் மாலை விளக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். பாதியில் ஊருக்குக் கிளம்ப வேண்டியிருந்ததால் மீதியை என்னிடம் ஒப்படைத்தாள். நான் ஒருநாள் விடாமல் ஏற்றினேன். பிள்ளை பிறந்து தங்கவில்லை என்று போன வாரம் தகவல் வந்தது. உடம்பு தேறி, தை பிறந்த பிறகு அவள் வருவாள். வந்ததும் முதலில் என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும். நானும் ஒரு காலத்தில் அதையேதான் கேட்டேன். அன்று எனக்குப் பதில் சொன்னவரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

கல்யாணமாகி ஆவடி டாங்கி பாக்டரி குவார்ட்டர்சுக்கு நான் வந்தது அறுபதுகளின் கடைசியில். ஒரே மாதிரி வீடுகள், ஒரே மஞ்சள் சுண்ணாம்பு. உள்ளே மட்டும் ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு சாமி. எங்கள் பிளாக்கிலேயே திருநெல்வேலி, மதுரை, நாகர்கோவில், விழுப்புரம் என்று எல்லாப் பக்கத்துக்காரர்களும் இருந்தோம். விழுப்புரம் நாங்கள். பள்ளிக்கூட லீவு விட்டால் குடும்பம் குடும்பமாக ஊருக்குப் போய்விடுவார்கள். போகும்போது பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்து, "சாயங்காலம் விளக்கு மட்டும் ஏத்திடுங்க" என்று சொல்வது வழக்கம். பூட்டிய வீட்டில் சாமி இருட்டில் இருக்கக்கூடாது.

அந்தச் சாவிகளெல்லாம் போய்ச் சேர்ந்த இடம் எங்கள் பிளாக்கில் மாடிப்படியை ஒட்டிய முதல் வீடு. அங்கே இருந்த அம்மாளை எல்லோரும் சாவியக்கா என்று கூப்பிட்டோம். உயரமானவர். இடுப்பில் சாவிக்கொத்து ஒலிக்க நடப்பார். பூந்தமல்லிக்குப் பக்கத்தில் பாரிவாக்கம் சொந்த ஊர். கணவர் பாக்டரியில் பெயிண்ட் ஷாப்பில் இருந்தார். ஒரே மகன். குவார்ட்டர்சிலேயே இந்தப் பக்கத்து மண்ணில் பிறந்தவர்கள் என்றால் அவர்களைப் போல ஒரு சிலர்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் பிளாக்கில் சாமி நம்பிக்கை இல்லாத ஒரே பெண்மணி அவர்தான். அவர் வீட்டில் படம்கூடக் கிடையாது. காலண்டரில் இருந்த முருகன்கூட மகன் ஆசைப்பட்டு மாட்டியதுதான்.

அவரிடம் சாவி எப்படிப் போயிற்று என்று எனக்கு நாகர்கோவில் வீட்டம்மாள் சொன்னார். முதலில் திருநெல்வேலிக்காரர்கள் ஊருக்குப் போக வேண்டியிருந்ததாம். அவர்கள் வீட்டில் இருப்பது சுடலைமாடன். விளக்கேற்றச் சொல்லி ஒவ்வொரு வீடாகக் கேட்டிருக்கிறார்கள். ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. "உங்க சாமி துடியான சாமி. எங்களுக்கு ஆகுமோ ஆகாதோ" என்று நழுவியிருக்கிறார்கள். கடைசியில் சாவியக்கா கையை நீட்டியிருக்கிறார்.

"குடு. அது உங்க சாமி. எனக்கும் அதுக்கும் இன்னா சண்டை கீது?"

அதற்கப்புறம் எல்லோருக்கும் அவரே வசதியாகிவிட்டார். பக்திமான்களிடம் சாவி கொடுப்பதில் ஒரு சங்கடம் உண்டு. உங்கள் சாமியிடம் அவர்கள் தங்களுக்காக எதையாவது வேண்டிக்கொண்டால் என்ன செய்வது? உள்ளே வந்து, படம் இந்தத் திசையில் இருக்கக்கூடாது என்று சொன்னால்? சாவியக்காவிடம் அந்தத் தொல்லை இல்லை. என்ன சொல்கிறோமோ அதை மட்டும் செய்வார். ஒரு வீட்டில் நல்லெண்ணெய், ஒரு வீட்டில் தேங்காயெண்ணெய், ஒரு வீட்டில் வெள்ளிக்கிழமை மட்டும் வேப்பெண்ணெய். கால் கழுவிவிட்டுத்தான் நுழைய வேண்டும் என்றால் கழுவுவார். மாதத்தில் வரக்கூடாத நாட்களில் மகனை அனுப்புவார். "அது உங்க கணக்கு, எனக்கு ஒன்னும் இல்ல" என்று சொல்லிக்கொண்டேதான் அனுப்புவார்.

எரிகிற விளக்கை விட்டுவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு வரமாட்டார். எலி தட்டிவிட்டால் தீப்பிடிக்கும் என்பது அவர் எண்ணம். அதனால் எண்ணெய் தீரும்வரை அங்கேயே உட்கார்ந்து ஒயர் கூடை பின்னுவார். ஜன்னல் வழியாகப் பார்க்கிறவர்களுக்கு, சாமிக்கு முன்னால் ஒரு அம்மாள் தலை குனிந்து உருகிப்போய் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும். கிட்டே போனால்தான் மடியில் பச்சை ஒயர் தெரியும்.

"அங்க உக்காந்துகினு இன்னா நெனைப்பீங்க அக்கா?" என்று அவரைப் போலவே பேசிக் கேலியாகக் கேட்டேன் ஒருமுறை.

"மூலை திரும்பறப்ப முடிச்சு தப்பாம போவணுமேன்னு நெனைப்பேன். அது தப்பிச்சுன்னா மொத்தமும் பிரிக்கணும், தங்கச்சி."

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. யாராவது சாமியைப் பற்றிப் பேசினால், உண்டு என்று பேசினாலும் இல்லை என்று பேசினாலும், முழுதாகக் கேட்டுவிட்டு, "எப்பத்திலிருந்து?" என்பார். காய்ச்சல்காரரிடம் டாக்டர் கேட்பதுபோல இருக்கும். முதலில் கோபம் வரும். பிறகு பதில் சொல்லத் தொடங்குவார்கள். எப்போதிலிருந்து என்று யோசித்தால் ஏதோ ஒரு நாள் நினைவுக்கு வந்துவிடுகிறது. பரீட்சை, பாம்பு, ஒரு சாவு, ஒரு அடி.

பின் பிளாக்கில் ஸ்டோர்ஸ் கிளார்க் ஒருவர் இருந்தார். சாமி இல்லை என்று மேடையேறிப் பேசுகிறவர். சாவியக்காவைப் பற்றிக் கேள்விப்பட்டு, தங்கள் கூட்டத்தில் பேசக் கூப்பிட வந்துவிட்டார். குழாயடியில் நாங்கள் நாலைந்து பேர் இருந்தோம்.

"நீங்க நம்ம ஆளுக்கா. வந்து ரெண்டு வார்த்தை பேசணும்."

"நான் யாரு ஆளும் இல்ல அண்ணாத்தே. உனுக்கு எப்பத்திலிருந்து?"

"என்ன எப்பத்திலிருந்து?"

"சாமி இல்லன்னு எப்பத்திலிருந்து தெரிஞ்சுது?"

அவர் மார்க்கு குறைந்ததற்காக அப்பா தன்னைப் பூஜை அறையில் வைத்துப் பூட்டிய கதையைச் சொன்னார். ஒரு ராத்திரி முழுக்க. அழுது அழைத்தும் எந்தச் சாமியும் கதவைத் திறக்கவில்லை. மேடையில் சொல்லிப் பழகிய கதையாக இருக்க வேண்டும். ஆனால் முடிக்கும்போது குரல் மாறிவிட்டது.

"நீ சாமிய இல்லேங்கல," என்றார் சாவியக்கா, குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தபடி. "உங்க நைனாவ இல்லேங்கற."

கிளார்க் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. ஆனால் அவர் மனைவி ஊருக்குப் போகும்போது சாவியைக் கொண்டுவந்து சாவியக்காவிடம்தான் கொடுத்தாள். சமையலறை அலமாரியில் மாவு டப்பாவுக்குப் பின்னால் சின்னதாக ஒரு பிள்ளையார் இருப்பதாகவும், அவருக்குத் தெரியாது என்றும் காதோடு சொன்னாள்.

"தெரியாதா? பிள்ளையாருக்கு முன்னாடி அந்த டப்பாவ தெனமும் நேரா நவுத்தி வெக்கறது யாருன்னு நெனைச்ச?" என்றார் சாவியக்கா, அவள் ஊரிலிருந்து திரும்பி வந்ததும்.

அவர் எல்லோரையும் கேட்டதுபோல எல்லோருக்கும் அவரைக் கேட்க ஆசை. ஏன் இந்த அம்மாளுக்கு நம்பிக்கை போயிற்று? குவார்ட்டர்சில் பல கதைகள் உலவின. மூத்த பிள்ளை இறந்துவிட்டது என்பார்கள். அப்படி ஒரு பிள்ளை பிறக்கவே இல்லை. முதலில் வேறொருவரைக் கட்டுவதாக இருந்தது, அவர் ஓடிவிட்டார் என்பார்கள். நான் பி.யு.சி. வரை படித்தவள். எனக்கும் ஒரு கதை இருந்தது. அவருடைய அப்பாவுக்கு ஆடி மாதத்தில் சாமி வருமாம். ஊரே காலில் விழுமாம். சாமி மலையேறியதும் திரைக்குப் பின்னால் அவருக்கு மோர் கரைத்துக் கொடுப்பது மகளின் வேலை. சாமிக்கு மூச்சு வாங்குவதையும் கால் வீங்குவதையும் கிட்டத்தில் பார்த்த பெண்ணுக்கு எப்படிப் பக்தி வரும்? காரணம் கண்டுபிடித்துவிட்ட திருப்தியோடு அவரிடமே இதைச் சொன்னேன்.

"எங்கக்காவும்தான் அதே மோர கரைச்சா," என்றார். "ஒரு வருசம் அவ, ஒரு வருசம் நானு. அவ இன்னிக்கும் அம்மன் கோயிலே கதின்னு கீறா. நைனா மேல வந்த சாமி உப்பு பத்தலன்னு சொன்னத கூட பெருமையா சொல்லிகினு திரியறா. இப்ப இன்னா சொல்ற?"

நான் கண்டுபிடித்த காரணம் அதோடு போயிற்று.

"நீங்கள்லாம் என் கதைல ஒரு சாவு தேடிகினு கீறீங்க. ஒன்னும் நடக்கல தங்கச்சி. மத்தவங்களுக்கு வர்ற அந்த பயம் எனக்கு சின்ன வயசுலேர்ந்தே வரல. அவ்ளோதான். வரலன்னு பெருமையும் இல்ல."

அவருக்கு வராத பயம் எனக்கு வந்தது. காலேஜில் படிக்கும்போது பரீட்சைக்கு முன்னால் கோயிலுக்குப் போவதோடு என் பக்தி முடிந்துவிடும். பெண் பிறந்தாள். பிறந்த வருஷத்திலேயே காய்ச்சலில் ஒருமுறை அவளுக்கு வலிப்பு வந்தது. டாக்டர், சில குழந்தைகளுக்குக் காய்ச்சல் ஏறினால் இப்படி வரும், வளர வளர நின்றுவிடும் என்றார். அதை நம்பினேன். நம்பிக்கொண்டே திருநீறு பூசாமல் அவளைத் தூங்கவைக்க மாட்டேன். பூசினேனா என்று சந்தேகம் வந்து எழுந்து போய் மறுபடி பூசுவேன். செவ்வாய்க்கிழமை நகம் வெட்டிவிட்டேனே என்று இரண்டு நாள் தவித்திருக்கிறேன்.

சாவியக்கா ஒருநாள் என் நெற்றியையும் குழந்தையின் நெற்றியையும் பார்த்துவிட்டு, வழக்கமான கேள்வியைக் கேட்டார். "உனுக்கு எப்பத்திலிருந்து?"

"இவ பொறந்ததுலேர்ந்து அக்கா."

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "அப்டின்னா ஞாயந்தான்" என்று மட்டும் சொன்னார். என் மகளின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார்.

எழுபதுகளின் தொடக்கத்தில், போர் வரும்போல இருந்த சமயம். மகளுக்கு ஒன்றரை வயது. அவளுக்காக நானும் ஒரு மண்டலம் மாலை விளக்கு வேண்டிக்கொண்டு ஏற்றி வந்தேன். நடுவில் விழுப்புரத்தில் என் தம்பிக்குக் கல்யாணம். மாமியார், கணவர், குழந்தை எல்லோருமாகக் கிளம்பினோம். சாவியக்காவிடம் சாவியைக் கொடுத்து, ஒருநாள்கூட விட்டுப்போகக்கூடாது என்று சொன்னேன். ஒன்றுக்கு மூன்று தடவை சொன்னேன்.

"செத்தாலும் வந்து ஏத்தறேன், போ. வண்டிக்கு நேரமாச்சு," என்றார்.

கல்யாணத்துக்கு மறுநாள் செவ்வாய்க்கிழமை. விளக்கு வைக்கிற நேரத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் ஏறி மறுபடியும் வலிப்பு வந்தது. கண் செருகிவிட்டது. யாரோ ஓடிவந்து அவள் கையில் பீரோ சாவிக்கொத்தைத் திணித்தார்கள். அந்தச் சின்ன விரல்கள் இரும்பைப் பற்றிக்கொண்டிருந்ததை நான் இன்றும் சொப்பனத்தில் பார்க்கிறேன். அவள் பிழைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டாம் நாளே அனுப்பிவிட்டார்கள்.

திரும்பி வரும்போது ரயிலில் என்னால் உட்கார முடியவில்லை. என்ன தப்புச் செய்தேன் என்று தேடிக்கொண்டே வந்தேன். விளக்கு வேண்டுதல் பாதியில் இருக்கும்போது பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கல்யாணத்தில் சிரித்தேன். மாமியாரிடம் ஒரு வார்த்தை அதிகமாகப் பேசிவிட்டேன். கல்யாண வீட்டில் குழந்தையை யாரிடமோ கொடுத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். ஒவ்வொன்றாக எடுத்து, இதுதான், இல்லை இதுதான் என்று மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன். செங்கல்பட்டு தாண்டும்போதுதான் புதிதாக ஒன்று தோன்றியது. ஒருவேளை அங்கே விளக்கு ஏற்றாமல் விட்டிருந்தால்?

வீட்டுக்கு வந்ததும் குழந்தையை இடுப்பில் வைத்தபடியே போய்க் கேட்டேன்.

"அக்கா, செவ்வாய்க்கிழமை ஏத்தினீங்களா?"

அவர் குழந்தையைப் பார்த்தார். அவள் பாதியாக இளைத்திருந்தாள். "ஏன் கேக்கற?"

நடந்ததைச் சொன்னேன். விளக்கு வைக்கிற நேரத்தில் என்பதை அழுத்திச் சொன்னேன்.

"நீ இன்னா நெனைக்கற?"

"நான் என்னமோ தப்புப் பண்ணியிருக்கேன். இல்லேன்னா..." என்று இழுத்தேன். மேலே சொல்லவில்லை.

சாவிக்கொத்திலிருந்து எங்கள் சாவியைக் கழற்றத் தொடங்கினார். வளையம் இறுக்கமானது. கழற்றக் கொஞ்ச நேரமாயிற்று. கழற்றி முடித்ததும் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"செவ்வாக்கெழமதான மொத சைரன்? வெளிச்சம் வெளிய தெரியக்கூடாதுன்னு ஊதிகினு வந்துட்டானுங்க. ஏத்தல."

அது உண்மையாகவே அந்த நாள்தான். போர் ஒத்திகைக்காகச் சைரன் ஊதினால் எல்லோரும் விளக்கை அணைக்க வேண்டும் என்று உத்தரவு. முதல் ஒத்திகை அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை நடந்ததாக எல்லோருமே சொன்னார்கள். நான் சந்தேகப்பட ஒன்றும் இல்லை.

நான் அழுதேன். கோபத்தில் அழுவதாக அவர் நினைத்திருக்கலாம். கோபம் இல்லை. அவ்வளவு நிம்மதியை அதற்கு முன்னால் நான் அனுபவித்ததில்லை. பட்டுப்புடவை, மாமியார், சாப்பாடு, எல்லாம் ஒரே நொடியில் என் மேலிருந்து இறங்கிவிட்டன. அன்று மாலையே மண்டலத்தை முதலிலிருந்து ஆரம்பித்தேன். இந்த முறை என் கையாலேயே. அதன் பிறகு அவளுக்கு வலிப்பு வரவே இல்லை.

மாமியார் சும்மா இருக்கவில்லை. "சாமி இல்லைங்கறவ கிட்ட சாவியக் குடுத்தா வேற எப்படி இருக்கும்?" என்று பிளாக் முழுக்கச் சொன்னார். அந்த மாதமே நாகர்கோவில்காரர்களும் மதுரைக்காரர்களும் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். கிளார்க் மனைவிகூட வாங்கிவிட்டாள். திருநெல்வேலிக்காரர்கள் மட்டும் வாங்கவில்லை. அவர்கள் வீட்டுக்குள் போக வேறு ஆள் இல்லை. இடுப்பில் ஒலி குறைந்துபோனதைச் சாவியக்கா கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. "நல்லதாப் போச்சு, சாயங்காலத்துல என் ஊட்ல உக்கார நேரம் கெடைக்குது" என்றார். பேர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

அவர் கணவர் ரிடையர் ஆகி அவர்கள் பாரிவாக்கம் போய்ச் சில வருஷம் கழித்து, பால் பூத் வரிசையில் எனக்கு முன்னால் வேறொரு பிளாக்கைச் சேர்ந்த மதுரைக்காரர் ஒருவர் நின்றிருந்தார். ஒத்திகைக் காலத்தில் விசிலோடு சுற்றிவந்து வெளிச்சம் தெரிகிற வீடுகளை அதட்டியவர். பேச்சு அந்த நாட்களைப் பற்றி வந்தது.

"மொத நாளே உங்க வீட்லதாங்க வெளிச்சம். மறக்கமுடியுமா?" என்றார்.

"எங்க வீடா? நாங்க ஊர்ல இல்லையே."

"நீங்க இல்லீங்க. அந்தச் சாவியம்மா. ஜன்னலுக்குக் கம்பளியெல்லாம் கட்டித்தான் வச்சிருந்தாங்க. கீழ ஒரு கீத்து தெரிஞ்சுச்சு. கதவைத் தட்டி அணைங்கம்மான்னேன். அணைக்கமாட்டேன்னுட்டாங்க. எண்ணெய் தீர்றவரைக்கும் எரியணும், அந்தப் பொண்ணுகிட்ட சொல்லியிருக்கேன், உன் குண்டு வந்தா என் தலைல விழட்டும்னு கம்பளிய இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டாங்க. நானும் எம்புட்டு நேரம் கத்துறது? வாசல்ல நின்னு எனக்குத்தான் காவலாப் போச்சு. அவுங்க பாட்டுக்கு உள்ள கூடை பின்றாங்க."

பால் வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகளை அழைத்துக்கொண்டு பஸ் ஏறிப் பாரிவாக்கம் போனேன். சாவியக்கா வாசலில் கோழிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். என்னைவிட என் மகளைப் பார்த்ததில்தான் சந்தோஷம்.

"அன்னைக்கு விளக்கு ஏத்தினீங்களாமே அக்கா."

"யாரு சொன்னது?"

"விசில்காரர்."

"அந்தாளா? எல்லா ஊட்டு வாசல்லயும் நின்னு ஊதினான். எந்த ஊடுன்னு அவனுக்கு இன்னா ஞாபகம் கீது?"

"உங்களோட பேசினேன்னு சொன்னாரே. கூடை பின்னினீங்களாம்."

அவர் தண்ணீர்த் தட்டில் கைவிட்டு அளைந்துகொண்டிருந்த என் மகளைப் பார்த்தார்.

"ஜொரம் வந்தா இப்பவும் இஸ்துக்குதா?"

"இல்லக்கா. அதுக்கப்புறம் வரவே இல்ல."

"அப்றம் இன்னா? உள்ள பச்சைல ஒரு கூடை கீது, எடுத்துகினு போ. பாப்பாவுக்கு ஸ்கூலுக்கு ஆவும்."

அவ்வளவுதான். அடுத்த வருஷம் மகனோடு வடக்கே போய்விட்டார். எந்த ஊர் என்று சரியாகத் தெரியவில்லை. பச்சைக் கூடை இருக்கிறது. மூலை முடிச்சு ஒன்றுகூடத் தப்பவில்லை.

ஏன் சொன்னார்? விளக்கு எரிந்தும் வலிப்பு வந்தது என்று தெரிந்தால் எனக்குச் சாமி மேலிருந்த நம்பிக்கை போய்விடும், அதைக் காப்பாற்றத்தான் சொன்னார் என்று முதலில் நினைத்தேன். நம்பாத ஒருவர், தன் பேரைக் கெடுத்துக்கொண்டு என் சாமியின் பேரைக் காப்பாற்றினார் என்பது கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் எனக்கு என்னைத் தெரியும். நான் சாமியை விட்டிருக்கமாட்டேன். ரயிலில் தொடங்கிய தேடலைத்தான் தொடர்ந்திருப்பேன். சாமி மேல் குற்றமில்லை, விளக்கு மேல் குற்றமில்லை என்றால் மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான். அவர் காப்பாற்றியது என்னைத்தான் என்று இப்போது நினைக்கிறேன். இதுவும் சரிதானா என்பது தெரியவில்லை. எப்பத்திலிருந்து என்று கேட்கத் தெரிந்தவருக்கு, எதுவரைக்கும் என்பதும் தெரிந்திருக்கும்போல. குழந்தை தேறும்வரைக்கும் ஒரு பொய்யைத் தாங்கிக்கொண்டால் போதும் என்று கணக்குப் போட்டாரோ? உண்மை தெரிந்த அன்றைக்கும் நான் மாலையில் விளக்கேற்றினேன்.

கீழ் வீட்டில் இன்றைக்கும் ஏற்றிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நிறுத்தும்படி யாரும் சொல்லவில்லை, நிறுத்த எனக்கும் மனம் வரவில்லை. எண்ணெய் தீரும்வரை அங்கேயே இருக்கிறேன். எனக்குக் கூடை பின்னத் தெரியாது. அவள் வாங்கி வைத்திருக்கும் சின்னத் தொட்டில் துணி கொடியில் மடித்துக் கிடக்கிறது. அதைப் பார்க்காமல் இருக்கச் சுவரைப் பார்க்கிறேன்.

ஏற்றவில்லை என்று நான் சொன்னால் அவள் தன்னைக் குற்றம் சொல்லாமல் இருப்பாள். என்னைச் சொல்வாள். அது எத்தனை வருஷம்? என் மகள் தேறினாள், அதனால் எனக்கு உண்மையைத் தாங்க முடிந்தது. அவளுக்குத் தேற என்ன இருக்கிறது? நான் சொல்லும் பொய் அவளுக்கு ஆயுசுக்கும் வேண்டியிருக்கும். அத்தனை காலம் ஒரு பெண்ணின் வயிற்றெரிச்சலைச் சுமக்க எனக்குச் சாவியக்காவின் தைரியம் இல்லை. எனக்கும் ஒரு குழந்தை இருக்கிறது, பயம் இன்னும் போகவில்லை. ஏற்றினேன் என்று உண்மையைச் சொன்னால், நான் செங்கல்பட்டு வரை தேடியதை அவள் தன் வாழ்நாள் முழுக்கத் தேடுவாள். இரண்டும் வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டால் அவளே ஒன்றை முடிவு செய்துகொள்வாள். அது எதுவாக இருக்கும் என்றும் எனக்குத் தெரியும்.

இதைப் படிக்கிறவர்களில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள் இருப்பீர்கள். உங்களிடம் கேட்கத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்களைத் தவிர யாருக்கும் இது தெரிந்திருக்காது. அவள் வந்து, பையைக்கூட இறக்காமல் என் வாசலில் நின்று, "ஒருநாள் விடாம ஏத்தினீங்களாக்கா?" என்று கேட்கும்போது நான் என்ன சொன்னால் நன்றாக இருக்கும்? அன்று உங்களிடம் யாராவது என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று விரும்பினீர்கள்? தை பிறப்பதற்குள் எழுதுங்கள்.